சொன்ன விலை

பத்து பன்னிரண்டு. இருபது நிமிசம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அப்படியானால் பத்து முப்பத்திரண்டு. மூச்சில் இழுக்கிற நீல மருந்துப் பம்பை இரண்டு தடவை அழுத்தியாகிவிட்டது, ஒவ்வொரு அழுத்துக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாய்க்குள் பத்து மூச்சு எண்ணியாகிவிட்டது. இனி இருபது நிமிசம் பார்க்க வேண்டியது, இழுப்பு தணிந்தால் நல்லது, தணியாவிட்டால் மறுபடி இரண்டு அழுத்து அழுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட வேண்டியது. நடுவில் பேச்சு வராமல் திணறினாலோ உதடு நிறம் மாறினாலோ இருபதும் கிடையாது, உடனே கிளம்ப வேண்டியது. அவ்வளவுதான் வேலை. சாவி அதன் இடத்தில் தொங்குகிறது, செல்போன் கண்ணுக்கு நேரே முன்கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது, என் மகள் பிரணிதா, வயது ஐந்தரை, என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வையுங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள், நீங்கள் பதறாதீர்கள், சும்மா பக்கத்தில் இருங்கள். மாட்டுத் தரகன் நான், சும்மா இருப்பது எனக்குத் தெரியாத தொழில். நாற்பது வயது வரைக்கும் எதையாவது கூட்டியோ குறைத்தோதான் பழக்கம். இந்த இருபதைப் பதினைந்தாக முடித்துக்கொள்ளலாமா என்று கேட்கக்கூட இங்கே எதிராளி கிடையாது. கடிகாரம் துண்டுக்குள் கை விட்டு விலை பேசாது. பத்து பதின்மூன்று. என் உள்ளங்கை அவள் விலாவின் மேல் இருக்கிறது. கைக்குள்ளே மூச்சு நடக்கிறது. உள்ளே போகும்போது சட்டென்று போய்விடுகிறது, வெளியே வரத்தான் வழி தேடுகிறது, வழி தேடி, ஒரு சந்தில் நுழைந்து, மசகு போடாத வண்டி அச்சு மாதிரி ஒரு கிறீச்சு, மெல்லிசாக, கேட்க வேண்டும் என்று கேட்டால்தான் கேட்கும். நான் கேட்கிறேன்.

தூசிதான். வேறென்ன. ஆடிக் காற்று மேற்கே இருந்து அடித்துத் தள்ளுகிறது, சந்தை முழுக்க ஒரே செம்புழுதி, அதை யோசித்துத்தான் வண்டியைச் சந்தைக்கு மேற்கே, புளியமரத்தடியில், தூசி வராத பக்கமாக நிறுத்தினேன். இது குட்டியானை வண்டி, பின்னால் இரண்டு மாடு நிற்கும், முன்னால் நானும் பாப்பாவும். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. என் வீட்டுக்காரி கலாமணிக்குக் கம்பெனியில் ஓவர்டைம், ஆறரைக்கே பனியன் கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டது. சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீங்க என்று கலாமணி நேற்று ராத்திரி இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் தலையாட்டினேன். ஒரு ஜோடி மயிலைக் காளைகளை ஒப்படைக்க வேண்டும், அரை மணி வேலை, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திரு அம்மிணி, செல்லில் படம் பார் என்றேன். அவளும் உட்கார்ந்துதான் இருந்தாள். எவனோ ஒருத்தன் மூன்று நாள் கன்றுக்குட்டி ஒன்றை அந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு போயிருக்கிறான். மூன்று நாள் கன்றைப் பார்த்தால் நானே இறங்கிவிடுவேன், அவள் இறங்க மாட்டாளா. கழுத்தைக் கட்டிக்கொண்டு, கூடவே ஓடி, நான் பார்க்கும்போது கன்றுக்கும் இவளுக்கும் ஒரே மாதிரி இரைத்தது. கன்றுக்கு நின்றது. ஆக, தூசி, கன்று மேல் மயிர், ஓட்டம். அப்புறம் அந்தப் பீடிக்காரன். வண்டிப் பக்கமாகச் சாய்ந்து நின்று ஊதிக்கொண்டிருந்தவனை, ஏன்டா உன் வாயென்ன செங்கச் சூளையா என்று ஆரம்பித்து அவன் அப்பன் வரைக்கும் போய்விட்டேன். அவன் பயந்து பீடியை மிதிக்கவும், கீழே என் சட்டை நுனியை ஒரு கை இழுத்தது. "கத்தாதீங்கப்பா. எனக்கு இங்க படக்கு படக்குங்குது." நாலு பேர் மேல் பழியைப் போட்டாயிற்று. ஐந்தாவதாக ஒருத்தன் இருக்கிறான். அவனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், எங்கேயும் ஓடிவிட மாட்டான்.

பத்து பதினாறு. எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிசத்துக்கு நாற்பத்தொன்று. மருந்துக்கு முன்னால் நாற்பத்திநாலு. மூன்று இறங்கியிருக்கிறது. மூன்று இறங்கினால் ஆள் வழிக்கு வருகிறான் என்று அர்த்தம், சந்தையில் என்றால் இந்த நேரம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு அடி நடந்திருப்பேன், அவனாகக் கூப்பிடட்டும் என்று. இங்கே எங்கே நடப்பது. "அப்பா." என்ன சாமி. "கன்னுக்குட்டிக்கு... பேரு... வெச்சாச்சா?" ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய வாக்கியம் மூன்று துண்டாக வருகிறது. முழு வாக்கியம் பேசுகிறாளா என்று பாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார், கழுத்துக்குக் கீழே குழி விழுகிறதா பாருங்கள், மூக்குத் துவாரம் விரிகிறதா பாருங்கள். இதெல்லாம் எனக்குச் சொல்லித்தரவே வேண்டாம், விலாவுக்குப் பின்னால் விழுகிற குழியைப் பார்த்து மாட்டின் பசியும் சீக்கும் சொல்கிறவன் நான். இன்னும் வைக்கவில்லை, நீ ஒரு பேர் யோசி, வாயால் சொல்லாதே, மனசுக்குள்ளேயே யோசி என்றேன். தலையாட்டினாள். கழுத்துக் குழி விழுந்து எழுகிறது. நல்ல ஆழம் இல்லை. கட்டைவிரல் பதிகிற ஆழம். நேற்று வரைக்கும் இந்தக் குழி இருந்ததா? பிள்ளைகளுக்கெல்லாம் இருக்கும். கலாமணிக்குத் தாலிக்கயிறு ஏறி இறங்குகிற இடத்தில் இருக்கிறது. அது வேறு. கண்ணாடியில் டொக் டொக்கென்று மோதிரத்தால் தட்டுகிற சத்தம். யாரென்று பார்க்கவே வேண்டாம், இந்தச் சந்தையில் மோதிரத்தால் தட்டுகிறவர் ஒருத்தர்தான், மாரப்பண்ணன், என்னைப் போலவே தரகு, என்னைவிடப் பத்து வயது மூப்பு, குரல் மட்டும் இருபது வயது இளசு. கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன்.

"ஏன்டா சென்னியப்பா, பொண்டாட்டி தொரத்தி உட்டுட்டாளா? வண்டிக்குள்ளயே குடித்தனம் பண்றே!" மெதுவாகண்ணா என்றேன். "மாடு வாங்க வந்த தாராபுரத்துக்காரரு ஒத்தக் கால்ல நிக்கறாருடா. அந்தச் செவலை ஜோடிக்கு உன் கையிதான் வேணுமாம், நான் துண்டப் போட்டா நம்ப மாட்டேங்கறாரு. அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போ." வரமுடியாதுண்ணா. "அட, அம்மிணியும் வந்திருக்குதா! என்ன கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது?" என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது, சளிங்கண்ணா. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், அந்தப் பிளாஸ்டிக் குழாயை நான் தொடைக்குக் கீழே தள்ளினேன். "ஆடிக் காத்துக்குச் சளி புடிக்கத்தான் செய்யும். கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடு. செரி, கால் மணி நேரம் அவரை நிறுத்தி வெக்கறேன், வந்துரு." போய்விட்டார். கண்ணாடியை ஏற்றினேன். எவ்வளவு லாவகமாகத் தள்ளினேன் அந்தக் குழாயை. இருபது வருசத் தொழில் கையில் இருக்கிறது.

சளிங்க. இந்த ஒரு சொல்லை நான் எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன். மாடு இருமும், பிடித்திருக்கிறவன் கயிற்றைச் சுண்டிக்கொண்டே, சளிங்க, நேத்து மழையில நனைஞ்சுது என்பான். சளி என்று சொன்னாலே நான் காதை விலாவில் வைத்துவிடுவேன். ஏமாந்த பிறகு வந்த புத்தி. ஒருத்தன் விடியற்காலைக் குளிரில், நல்லா ஓய்வு கொடுத்து, தண்ணி காட்டி, ஒரு காளையைக் காட்டினான். கம்பீரமென்றால் அப்படிக் கம்பீரம். ஓட்டிக்கொண்டு போய் மேடு ஏறும்போதுதான் தெரிந்தது, பாதி மேட்டில் நின்று, கழுத்தை நீட்டி, உலகத்துக் காற்றெல்லாம் போதாத மாதிரி இழுத்தது. அன்றைக்கிலிருந்து எந்த மாட்டையும் மேடேற்றாமல், காது வைக்காமல் நான் கை கொடுப்பதில்லை. சென்னியப்பன் காதுக்குத் தப்பி ஒரு குறையும் போகாது என்று சந்தையில் பேர். மார்கழியில் இவள் இருமினாள், சளி என்றேன். மாசியில் இருமினாள், விடிகாலையில் மட்டும்தானே என்றேன். சித்திரையில் விளையாடிவிட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஓடினால் இரைக்கத்தான் செய்யும் என்றேன். ஆனியில் ஒரு நாள் விலாவெல்லாம் உள்ளே போய் உதடு ஒரு மாதிரி ஆகி, தூக்கிக்கொண்டு ஓடி, டாக்டரம்மா அந்தப் பேரைச் சொல்லி, திரும்பி வரும்போது வண்டியில் கலாமணி பாப்பாவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஊரு மாட்டுக்கெல்லாம் காது வெக்கறீங்க. ஒரு நாளு பிள்ளைக்கு வெச்சீங்களா?" எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இழுப்பு. வண்டி மாட்டைப் பார்த்து, இழுப்புக்குக் கெட்டி என்று சொன்னால் விற்கிறவன் மீசையைத் தடவுவான். அதே சொல்தான். பெண்பிள்ளை மேல் அந்தச் சொல்லை வைத்தால் எடுப்பார்களா, நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டியது. இந்த ஐந்தரை வயசுக்கு நான் எங்கே போய் நிற்கிறேன் பார். அதனால் பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் சளிங்க. அக்காவிடமும் சளிங்க. குறை இருக்கிற மாட்டை விற்கிறவன் மாதிரியே நிற்கிறேன், கயிற்றைச் சுண்டிக்கொண்டு. ஆனால் நான் என்ன, இவளை விற்கவா வந்திருக்கிறேன்.

பத்து இருபத்தொன்று. பாதிக்கு ஒரு நிமிசம் பாக்கி. கிறீச்சு இருக்கிறது. குறைந்ததா கூடியதா தெரியவில்லை, காற்று புளியமரத்தை உலுக்குகிற சத்தத்தில் எது மரம் எது மூச்சு. என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். நான் எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருக்க முடியும்? அந்தப் பக்கம் மாட்டுக் கழுத்து மணி, டீக்கடைப் பாட்டு, யாரோ யாரையோ கூப்பிடுவது. இவள் தலைமயிரில் தேங்காயெண்ணெய் வாசனை, அதற்கு மேல் கன்றுக்குட்டி வாசனை, பால் புளித்த மாதிரி. வீட்டுக்குப் போனதும் குளிக்க வைக்க வேண்டும், சட்டையை மாற்ற வேண்டும், நானும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மூன்று வாரமாக அப்படித்தான் போகிறேன், ஒழுங்காகத்தான் போகிறேன். மாட்டுக்கு வைத்திருக்கிற சோளத்தட்டுப் போரைக் கூட வீட்டை விட்டுத் தள்ளிப் போட்டுவிட்டேன். தலையணையை வெயிலில் போட்டேன். சாம்பிராணியை நிறுத்தியாயிற்று, கொசுவர்த்தியை நிறுத்தியாயிற்று. எல்லாம் செய்தேனே. ஒன்று தவிர எல்லாம் செய்தேன். சரி, வா. ஐந்தாவது ஆள், வா. எத்தனை நேரம்தான் மரத்துக்குப் பின்னால் நிற்பாய்.

இரண்டு பம்பு கொடுத்தார் டாக்டரம்மா. நீலம், இழுக்கும்போது மட்டும். ஆரஞ்சு, தினமும். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு மாசம். அப்புறம் பாத்துட்டுச் சொல்றேன். நல்லா இருக்கற அன்னைக்கும் போடணும், நல்லா இருக்கற அன்னைக்குத்தான் முக்கியமாப் போடணும்." எனக்கு அங்கேயே அரிப்பெடுத்துவிட்டது. நல்லா இருக்கிற மாட்டுக்கு எவனாவது மருந்து ஊற்றுவானா? பழகிப்போகுமுங்களே என்றேன். பழகாதுங்க என்றார். ஒரு நேரம் போதுங்களா என்றேன். "ரெண்டு நேரமுங்க." செரிங்க, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஒன்றரை மாசம் ரெண்டு நேரம், அப்புறம் ஒரு நேரம் என்றேன். கலாமணி என் காலை மிதித்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" மாட்டுத் தரகுங்க. சிரித்துவிட்டார், நல்ல சிரிப்பு, "அதானே பாத்தேன். இங்க நான் ஒரே வெலைதாங்க சொல்லுவேன்." நானும் சிரித்தேன். ஆனால் தலைக்குள் இருக்கிற தரகன் சிரிக்கவில்லை. ஒரே விலை என்று சொல்கிறவனிடம்தான் குறைக்க அதிக இடமிருக்கும் என்பது அவன் பட்டுக் கற்றது. இரண்டு என்று வாய் சொன்னால் மனசில் ஒன்று இருக்கும். உலகத்தில் எவன் முதலில் சொன்னதை உண்மையாகச் சொல்கிறான்? இதை எனக்குச் சொல்லித்தந்தது இந்தச் சந்தைதான். எனக்குப் பத்தொன்பது வயது, கையில் முதல் தடவையாகச் சொந்தப் பணம். ஒரு பெரியவர் ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெள்ளைச் சட்டை, பதனமான பேச்சு, ஒரு விலை சொன்னார். துண்டைப் போட்டு, உள்ளே கை விட்டு, விரலைப் பிடித்து அதைக் குறைக்க வேண்டும், அதுதான் முறை, வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாமல் இரண்டு கைகள் பேசிக்கொள்வதுதான் சந்தை. எனக்கு அவர் முன்னால் துண்டை எடுக்கவே கூச்சமாக இருந்தது. சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான். ஆறு வருசம் அதுவே என் பட்டப்பேர். சொன்னவெல வர்றான் பார், சொன்னவெல டீக் குடிக்கிறான் பார். என் கல்யாணத்தன்றைக்கு இதே மாரப்பண்ணன் மேடைக்கு வந்து, பொண்ணு வீட்டுல கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிட்டயாடா சொன்னவெல என்றார், பெண் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பேரைக் கத்தியும் அடித்தும் பேரம் பேசியும் கழுவினேன். தக்காளிக்காரியிடம் பேசினேன், பஸ் கண்டக்டரிடம் பேசினேன், தாலிக்கு நாள் குறித்த ஜோசியரிடம் பேசினேன். அந்தப் பசு ஏழு ஈற்று ஈன்றது, ஒரு நாள் ஒரு வேளை குறை வைக்காமல் கறந்தது. அதை மட்டும் எவனும் சொல்வதில்லை.

பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போட்டேன். கலாமணி ஆறரைக்குப் போய்விடுவதால் ராத்திரி மருந்து அவள் பாடு, காலை மருந்து என் பாடு. பன்னிரண்டாம் நாள் பிள்ளை தெருவை மூன்று சுற்று ஓடினாள், இரைப்பே இல்லை, விடிகாலை இருமல் இல்லை, முகத்தில் ஒரு வெளிச்சம். பதின்மூன்றாம் நாள் காலையில் அந்த ஆரஞ்சு பம்பைக் கையில் எடுத்தேன். எடுத்து, குலுக்கி, மறுபடி மாடத்தில் வைத்துவிட்டேன். ஒரு நேரம் போதும். மனசில் இருக்கிற விலை ஒன்றுதான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஒரு சந்தோசம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல ஜோடியைப் பாதிக்கு முடித்த சந்தோசம், டாக்டரம்மாவை ஜெயித்துவிட்டேன் என்று. யாரிடம் ஜெயித்தேன்? துண்டுக்கு அந்தப் பக்கம் யார் கை இருந்தது? டாக்டரம்மா கை இல்லை, அவர் இரண்டு என்று சொல்லிவிட்டு எழுந்து அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். இந்தக் கைதான் இருந்திருக்கிறது. இந்தச் சின்னக் கை, நகத்தில் மண், விரல் நுனி சில்லென்று. இதனிடம்தான் குறைத்திருக்கிறேன். ஒன்பது நாள். அதற்கு அப்புறம்தான் தூசி, அதற்கு அப்புறம்தான் கன்று, பீடிக்காரன். பாவம் அவன், அவன் அப்பனை வேறு இழுத்தேன்.

பத்து இருபத்தாறு. சாவியைத் திருப்பிவிடலாமா? கை சாவி வரைக்கும் போகிறது, திரும்பி வருகிறது. டாக்டரம்மா சொன்னது இருபது. இது கிளம்புகிற அவசரமா, கூட்டிக் குறைக்கிற பழைய அரிப்பா என்று எனக்கே பிடிபடவில்லை. உதட்டைப் பார்த்தேன், நிறம் நல்ல நிறம். மூக்கு விரியவில்லை. கழுத்துக் குழி இருக்கிறது. ஆனியில் அந்த ஒரு நாள், ஆஸ்பத்திரி வாசலில், என் தோளில் அவள் தலை தொங்கிக்கொண்டு, ஒரு தடவை அப்பா என்று ஆரம்பித்து 'அப்' என்றதோடு நின்றது. மீதி 'பா' வர எத்தனை நேரம் ஆயிற்று? அந்த நேரத்துக்குள் நான் என் ஆயுசு மொத்தத்தையும் ஒரு தடவை நடந்துவிட்டு வந்துவிட்டேன். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். இங்கேயே இருப்போம். விலா இங்கே, கை இங்கே. என் நெஞ்சு அவள் முதுகில் படுகிறது, என் மூச்சு ஏறினால் அவளும் ஏறுகிறாள், அதனால் நான் மெதுவாக விடுகிறேன், வேண்டுமென்றே, பாரவண்டி இறக்கத்தில் இறங்குகிற மாதிரி, பிடித்துப் பிடித்து. அவளும் கொஞ்சம் பிடித்துப் பிடித்து விடுகிறாள். கோபக்காரனுக்கு இப்படி ஒரு மூச்சு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருசம் இது எங்கே கிடந்தது? வெளியே எவனோ ஒருத்தன் என் வண்டியின் பின்கதவில் மாட்டைக் கட்டுகிறான். வேறொரு நாளாக இருந்தால் இறங்கியிருப்பேன். கட்டிக்கொண்டு போகட்டும். எண்ணுகிறேன். முப்பத்திநாலு. முப்பத்திநாலா? மறுபடி எண்ணினேன், ஒரு நிமிசம் முழுசாக, ஏமாற்றாமல். முப்பத்திமூன்று. "அப்பா, பேரு யோசிச்சுட்டேன்." ஒரே மூச்சில் வந்தது. என்ன பேரு சாமி? "புஸ்ஸு." ஏன் புஸ்ஸு? "அதுவும் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு உட்டுதுங்கப்பா, என்னையாட்டமே, அப்புறம் செரியாப் போயிருச்சு." முழு வாக்கியம். நடுவில் எங்கேயும் அறுபடவில்லை. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன், புளியமரத்தைப் பார்க்கிற மாதிரி.

பத்து முப்பத்திரண்டு. மூச்சு இருபத்தேழு. குழி, தேடினால்தான் தெரிகிறது. காதை முதுகில் வைத்தேன், கூசுதுங்கப்பா என்று நெளிந்தாள், நெளியட்டும். அடியில் எங்கேயோ ஒரு நூல் மாதிரி கிறீச்சு மிச்சம் இருக்கிறது. அதையும் கேட்டுக்கொண்டேன். மோதிரம் மறுபடி டொக் டொக்கென்றது. "வர்றயா இல்லையா? அந்தாளு கெளம்பறேங்கறாரு." கண்ணாடியை முழுசாக இறக்கினேன். அண்ணா, பாப்பாவுக்குச் சளி இல்லீங்க. இழுப்பு. ஆஸ்துமா. தொடைக்குக் கீழே இருந்து குழாயை எடுத்து வண்டியின் முன்பக்கம் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார், குரலை எங்கேயோ தொலைத்துவிட்ட மாதிரி மெதுவாக, "எங்க அக்கா பையனுக்கு இருந்துது. மருந்து ஒழுங்கா எடுத்தான். இப்ப பஸ்ஸு ஓட்டறான். இவனுக்கு மூச்சு வாங்குது, வாங்குதுன்னு அழுதோம், அவனடிக்கற ஆரனுக்கு ஊரே மூச்சு வாங்குது." பாப்பா சிரித்தாள். சிரித்தால் இருமல் வருமோ என்று பார்த்தேன், ஒரே ஒரு இருமல், அதோடு நின்றது. தாராபுரத்துக்காரர் என்ன விலை சொல்கிறார் என்று கேட்டேன், சொன்னார். அந்த விலைக்கே விட்டுருங்கண்ணா, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். மாரப்பண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொன்ன வெலைக்கேவா?" சொன்ன வெலைக்கே. "அடே, சொன்னவெல திரும்பி வந்துட்டான்டோய்!" சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு போனார். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். நெஞ்சில் தேடிப் பார்த்தேன், அந்த இடத்தில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது.

கலாமணிக்குப் போன் போட்டேன். பின்னால் தையல் மிசின்கள் மழை மாதிரி. "ஏனுங்க, என்னாச்சு?" இப்ப நல்லா இருக்குது, நீலம் ரெண்டு குடுத்தேன், இறங்கிருச்சு, முதல்ல அதைக் கேட்டுக்கோ. அப்புறம் இன்னொண்ணு. காலை மருந்து ஒம்பது நாளா நான் போடலை. அவள் எழுந்து எங்கேயோ நடந்து போயிருக்க வேண்டும், மிசின் சத்தம் தள்ளிப் போனது. "பம்புக்குப் பொறத்தால இன்னும் எத்தனை அழுத்து பாக்கின்னு நெம்பர் இருக்குதுங்க. கொறைய வேண்டிய அளவுக்குக் கொறையலையேன்னு ஒரு நாளு பாத்தேன்." கேட்டிருக்கலாமே புள்ள. "என்னன்னு கேக்கறது? நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். பம்பு கெட்டுப்போச்சாட்ட இருக்குது, நெம்பரு ஓட மாட்டேங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "இப்ப நேரா டாக்டரம்மாகிட்டப் போங்க. எங்கிட்டச் சொன்னாப்பல அவங்ககிட்டயும் சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம." செரி. "காலைது குடுத்தீங்களா இன்னைக்கு?" இல்லை. "சோத்துப் பைக்குள்ளதான் வெச்சிருக்கறேன், டப்பாவுக்கு அடியில." மிசின் சத்தத்துக்குள் போய்விட்டாள்.

இருந்தது. தயிர்சோற்று டப்பாவுக்கு அடியில், துணியில் சுற்றி, ஆரஞ்சு. காலையில் கிளம்பும் முன்னால் மாடத்திலிருந்து எடுத்து அவள்தான் இதை வைத்திருக்கிறாள். நான் பம்பைக் குலுக்கும்போது பாப்பா என் தோளில் கிடந்த துண்டை இழுத்து எங்கள் இரண்டு பேர் கை மேலும் போட்டாள். வீட்டில் மருந்துக்கு இது எங்கள் வழக்கம், நான்தான் பழக்கிவிட்டேன், பத்து மூச்சு என்பதை விரலைப் பிடித்து ஆறுக்கு, ஏழுக்கு அவள் குறைப்பாள், கெட்டிக்காரி என்று நானும் இறங்கிக்கொடுப்பேன். துண்டுக்குள்ளே ஈரமான சின்னக் கை வந்து என் சுட்டுவிரல் ஒன்றை மட்டும் பிடித்தது. "காலைல மட்டும் போதுங்கப்பா. ராத்திரி வேண்டாம்." நான் அவளுடைய இரண்டு விரல்களைப் பிடித்தேன். அவள் ஒன்றை உருவிக்கொண்டாள். நான் மறுபடி இரண்டைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தாள், இறங்குகிற முகமா என்று. எனக்கே தெரியாது அது என்ன முகமென்று. இரண்டு, சாமி. டாக்டரம்மா சொன்னது ரெண்டு. கொஞ்ச நேரம் விரலை இழுத்துப் பார்த்தாள், அப்புறம் கையைத் துண்டுக்கு வெளியே எடுத்துக்கொண்டாள்.

"போங்கப்பா, உங்களுக்கு யாவாரமே தெரியல."

குழாயை முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுத்தினேன். எட்டில் நிறுத்தப் பார்த்தாள். பத்து வரைக்கும் எண்ணினேன்.